மறைக்காமச் சொல்லுங்க

"படம் எப்படிங்க இருந்துச்சு? மறைக்காமச் சொல்லுங்க."

எல்லாருக்கும் முன்னால் தியேட்டரை விட்டு வெளியே வந்து, வாசலில் நின்றுகொண்டு, வழுக்கைத் தலைக்காரர் ஒருவரிடம் செல்போனை நீட்டினாள் அவள். ஏதோ சேனல்காரப் பெண் என்று நினைத்து அவரும் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

"படமாம்மா இது? உயிரை வாங்கிட்டான். அந்த டைரக்டர் மட்டும் என் கையில கிடைச்சா..." என்று ஆரம்பித்துக் கிழிகிழியென்று கிழித்தார்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"இன்னும் ஏதாவது குறை இருந்தாச் சொல்லுங்களேன்."

"எதைன்னு சொல்றது? நீ வேற!"

அடுத்து ஒரு காலேஜ் பெண். "ஏசி சூப்பரா இருந்துச்சு ஆன்ட்டி. இன்டர்வெல் வரைக்கும் நல்ல தூக்கம்."

"எழுப்பி விட்டுட்டேன்னு என்னோட பேச மாட்டேங்கறா" என்றாள் கூட வந்த தோழி.

பின்னால் ஒரு கணவன் மனைவி. "இந்தப் படத்துக்குக் கூட்டிட்டு வந்ததைச் சொல்லியே இவரை வருஷம் பூரா திட்டலாம்" என்றாள் அந்த அம்மாள்.

எல்லாவற்றையும் அவள் பதிவு செய்துகொண்டாள். யாராவது ஒருத்தர் 'நல்லா இருக்கு' என்று சொல்லித் தொலைத்துவிடப் போகிறார்களே என்று உள்ளுக்குள் பக்குபக்கென்றுதான் இருந்தது. நல்லவேளை, ஒருத்தரும் சொல்லவில்லை.

இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று தோன்றும். அந்த டைரக்டர் அவளுடைய வீட்டுக்காரர்தான் என்று தெரிந்தால் காறித் துப்பவே தோன்றும். துப்பட்டும். அவள் படுகிற பாடு அவளுக்குத்தானே தெரியும்!

எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். நல்ல கைவேலைக்காரர். அதை உதறிவிட்டு சினிமா, சினிமா என்று அலைந்ததில் வாடகை வீடும் போய், இப்போது அவளுடைய அண்ணன் வீட்டுப் பின்பக்க அறையில் குடித்தனம். அண்ணன் ஒரு குறையும் வைக்கவில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பிள்ளை தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறப்பதற்குக்கூட முதலில் அத்தையின் முகத்தைப் பார்க்கிறது. பெற்றவள் இதை எவ்வளவு நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்?

நேற்றுத்தான் பட்டறை முதலாளி கூப்பிட்டிருந்தார். "உன் இடத்துக்கு ஆளுங்க கேட்டு நிக்கிறாங்கப்பா. வர்றியா இல்லையான்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு."

"ஜனங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுச் சொல்றேண்ணே. நல்லா இல்லேன்னுட்டாங்கன்னா சினிமாவைத் தலை முழுகிட்டு வந்துடறேன்" என்றிருந்தார் அவர்.

அந்த வார்த்தையைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜனங்கள் சொன்னதை அப்படியே போட்டுக் காட்டிவிட்டால் போதும். திங்கட்கிழமை பட்டறை. அடுத்த மாதம் தனி வீடு.

வெளியே தூறல். படம் பார்த்தவர்கள் கலையாமல் வாசலிலேயே ஒதுங்கி நின்றார்கள். கடைசி வரிசையில் கூச்சப்பட்டுத் தனியாக உட்கார்ந்திருந்த அவர் அப்போதுதான் வந்தார். டிக்கெட் கிழிக்கிறவர் சும்மா இருக்கக் கூடாதா? "இவர்தாங்க டைரக்டர்!" என்று போட்டு உடைத்துவிட்டார்.

அவ்வளவுதான். வழுக்கைத் தலைக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சார், பின்னிட்டீங்க!"

காலேஜ் பெண் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டாள். "செம படம் சார்!"

"அழுதுட்டேன் தம்பி" என்றாள் அந்த அம்மாள். கணவரும் தலையாட்டினார்.

அடப்பாவிகளா! நாக்கு கூசவில்லையா உங்களுக்கு? நீங்கள் பாட்டுக்கு நல்லவர்களாட்டம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். நாங்கள் எங்கே போவது? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தூறல் விட்டு எல்லாரும் கிளம்பினார்கள். மனிதர் வாயெல்லாம் பல்லாக நிற்பார் என்று பார்த்தால், படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் பொய்" என்றார். "உள்ளே உக்காந்து பாத்தேனே. இன்டர்வெலுக்கு அப்புறம் பாதிப் பேரைக் காணோம். அழ வேண்டிய இடத்துல சிரிக்கிறாங்க."

அவளுக்கு மூச்சு வந்தது. நல்லவேளை, மனிதருக்கே புரிந்துவிட்டது.

"நீ சொல்லு" என்றார். "என் மூஞ்சிக்காகப் பொய் சொல்றவ இல்லை நீ. கல்யாணத்தன்னைக்கே என் மீசை சகிக்கலைன்னவ. படம் எப்படி இருந்துச்சு? நல்லா இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே முதலாளிக்கு ஃபோன் போட்டு வரேன்னுடறேன்."

இதைவிட என்ன வேண்டும்? செல்போனைக்கூடக் காட்ட வேண்டியதில்லை. ஒரே ஒரு வார்த்தை.

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. உதடு கோணியது. எதற்கும் கலங்காத மனுஷன். பெற்ற தாய் போனபோதுகூட அவள் முன்னால் அழாதவர்.

அவள் செல்போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றாள். "அழுதுட்டேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அங்கேயே நின்று பட்டறைக்கு ஃபோன் போட்டார்.

"அண்ணே, அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுக்குங்க. மத்தவங்க சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேண்ணே... என் பொண்டாட்டியே சொல்லிட்டா!"