கடைசிக் கதவு

டேட்டாபேஸ் ஒன்றில், ஆள் தேடிப் போவது குவெரி என்னும் தேடல் கட்டளையின் வேலை. முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவுவரை ஒவ்வொரு கதவாகத் தட்டும்.

கடைசிக் கதவில் செங்கமலம் என்ற பழைய பதிவு.

"நீங்க தேடுற ஆளு நான் இல்லீங்களே" என்பாள்.

"பரவாயில்லம்மா, நாளைக்கு வர்றேன்" என்று குவெரி திரும்பும்.

அதை ஏவும் புரொசீஜர் என்ற நிரலுக்கு இந்தத் தாமதம் பொறுக்கவில்லை. ஒருநாள், "கிளம்புறதுக்கு முன்னாடி, எந்த வழியா போவேன்னு சொல்லு" என்று நிறுத்திக் கேட்டு, சொன்னதையெல்லாம் பதிந்துகொண்டது.

"அட கிறுக்கே! தெருமுனையில இருக்கிற இன்டெக்ஸைக் கேட்டா நேரா வீட்டைக் காட்டுமே!" என்றது புரொசீஜர்.

"அந்த வழியில யாரையும் பார்க்க முடியாதே."

"பார்க்கவா உன்னை அனுப்புறேன்?"

அன்றிலிருந்து குவெரி கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பியது. எல்லோரும் மெச்சினார்கள்.

செங்கமலம் மட்டும் கதவருகே நின்று, "நீங்க தேடுற ஆளு நான் இல்லீங்களே" என்று அவ்வப்போது சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள்.