சத்தம் மட்டும் இருக்கட்டும்

“சத்தம் இருந்துட்டுப் போகட்டும் அண்ணே. சூடு மட்டும் குறையணும்.”

மெக்கானிக் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து ஸ்க்ரூக்களைக் கழற்றத் தொடங்கினார். பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறார். அதில் சத்தம் போகணும் என்று மல்லுக்கு நின்றவர்களைத்தான் பார்த்திருக்கிறார். லேப்டாப்போடு வந்து, இருக்கட்டும் என்றவர் இவர்தான். ஆனாலும் ஏன் என்று கேட்கவில்லை.

உள்ளே ஃபேன் தூசியில் கம்பளி போர்த்திக்கொண்டு கிடந்தது. இதைத் துடைத்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினால் சூடு இறங்கிவிடும் என்றார் மெக்கானிக். சூடு இறங்கினால் ஃபேன் வாயை மூடிக்கொள்ளும், ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை மட்டும் விரட்ட முடியாது என்றும் சொன்னார்.

வந்தவரின் முகம் சுருங்கிப்போனது. வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

வீட்டிலிருந்தே பார்த்துவந்த வேலை போய் மூன்று மாதமாகிறது. வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல ஒன்பது மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, லேப்டாப்பில் கனமான வீடியோ எதையாவது ஓடவிட்டு, ஊர் உலகத்துக்கெல்லாம் வேலை கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். ஃபேனின் அந்த இரைச்சல் கேட்டால் அப்பா வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். மகள் டிவியைத் தணித்துவிடுவாள். மனைவி கதவைத் தட்ட மாட்டாள். இரைச்சல் நின்றால், வேலை முடிந்துவிட்டது போல என்று நேராக உள்ளே வந்துவிடுவாள்.

போன வாரம் இன்டர்வியூ நடந்துகொண்டிருக்கும்போதே சூடு தாங்காமல் லேப்டாப் அணைந்துபோனது. அவர்கள் அப்புறம் கூப்பிடவே இல்லை. வியாழக்கிழமை இன்னொன்று இருக்கிறது. கையில் இருப்பது அது ஒன்றுதான். லேப்டாப் ரொம்பக் கொதிக்கிறது என்று பொதுவாகச் சொல்லி வைத்தபோது, இந்தக் கடைக்குப் போகச் சொன்னதே மனைவிதானாம்.

“அவ முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் வராது அண்ணே. கதவுக்குப் பின்னாடி இருந்தா எப்படியோ ஓட்டிடுவேன்.”

மெக்கானிக் தூசியை ஊதி, துடைத்து, பேஸ்ட் தடவி மூடினார். லேப்டாப்பை முக்கால் மணி நேரம் ஓடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பு கூட இல்லை. சத்தமும் இல்லை. வந்தவர் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் டிராயரைத் திறந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்தார். அதற்குள் ஒரு பழைய லேப்டாப் ஃபேன், ஒரு ஒயர், ஒரு சின்ன ஸ்விட்ச். ஒயரை லேப்டாப்பில் சொருகி ஸ்விட்சைத் தட்டினார். அதே இரைச்சல், அசல் தோற்றுவிடும்.

“மேசைக்கு அடியில வச்சுக்குங்க. இரையும், வேற ஒரு வேலையும் செய்யாது. இன்டர்வியூ நேரத்துல மட்டும் அணைச்சுடுங்க. அப்போ நீங்க பேசுறதே வெளியே கேட்கும்ல, வேலை நடக்குதுன்னு நினைச்சுக்குவாங்க.”

வந்தவர் மூன்று மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். இப்படி ஒன்றை வேறு யாராவது கேட்டதுண்டா என்று விசாரித்தார்.

“ஒருத்தர் கேட்டிருக்காங்க” என்றார் மெக்கானிக்.

வந்தவர் டப்பாவைப் பையின் அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு மெக்கானிக் போனை எடுத்தார்.

“வந்துட்டுப் போறார்ம்மா. நீங்க நேத்து வந்து சொன்ன மாதிரியே செஞ்சு குடுத்துட்டேன். ஒரு சந்தேகமும் வரலை.”

“ரொம்ப நன்றிண்ணா” என்றாள் வந்தவருடைய மனைவி. “அவருக்கு வேலை போனதை, கூட வேலை பார்த்தவரோட வீட்டுக்காரம்மா எனக்கு அன்னைக்கே சொல்லிட்டாங்க. அந்தச் சத்தம் நின்னா நான் உள்ளே போயாகணும். போனா, பாவம், அவர் பொய் சொல்லியாகணும்.”