ராவ்சாகிப்பின் வலது கன்னம்

கலை உலகமே திரும்பிப் பார்க்கப்போகும் நாள் இது என்று, காலை பத்தரை மணிக்கு, தென்காசி வீட்டின் முன்கூடமான பட்டாசாலையில் முறைப்படி அறிவிக்கப்பட்டது.

அறிவித்தவர் அவளுடைய அண்ணன். கலை உலகத்தின் சார்பில் வந்திருந்தவர்கள் மதினி, சித்தப்பா, அண்ணன் மகன், அவன் மனைவி வினோதா.

அவள் காப்பி கொண்டுவந்தாள். கலை உலகத்துக்குச் சீனி கூடுதலாக வேண்டியிருந்தது.

சுவரிலிருந்து இறக்கப்பட்டு மேசையில் மல்லாந்து கிடந்தார் தாத்தா. ராவ்சாகிப் குற்றாலலிங்கம். தலைப்பாகை, கைத்தடி, ரோஜா நிறக் கன்னம்.

ஓவியத்தில் கையெழுத்து இல்லை. ஆனாலும் வரைந்தது திருவனந்தபுரத்து அரண்மனை ஓவியர்தான் என்பது குடும்பத்தின் முடிவு. சித்தப்பா அதை மூன்று கல்யாணங்களிலும் துஷ்டி கேட்கப் போன ஒரு சாவு வீட்டிலும் சொல்லியிருக்கிறார்.

பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் எஸ்தர் சென்னையிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஏதோ மருந்தில் நனைத்து, தாத்தாவின் வலது கன்னத்தை ஒற்றியபடியே இருந்தார். இன்றைக்கு விளக்கைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினார்.

ரோஜா நிறம் பஞ்சோடு வந்துவிட்டது.

அடியில் இருந்தது கறுப்பு.

நல்லெண்ணெய் தேய்த்து முழுகிய கறுப்பு. வேலை தெரிந்த கை ஒன்று, ரசித்துப் போட்டது.

மேலே இருந்தது முப்பது வருஷம் கழித்து வேறு யாரோ பூசியது என்றார் எஸ்தர். அடியில் இருப்பது அரண்மனைக் கையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மேலே பூசியது நிச்சயமாக அந்தக் கை இல்லை.

அப்பா கல்யாணத்தின்போது வீடு முழுக்க வெள்ளையடித்தார்களாம். மதினி கேள்விப்பட்டதைச் சொன்னாள்.

தாத்தாவையும் விட்டுவைக்கவில்லைபோல.

ராவ்சாகிப்பை உயிரோடு பார்த்தவர் அங்கே சித்தப்பா ஒருவர்தான். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். காப்பி ஆறிவிட்டது என்றார் அவர்.

அவள் தட்டை வைத்துவிட்டுக் குனிந்தாள். அந்தக் கன்னத்தின் அருகே தன் முன்கையைக் கொண்டுபோனாள்.

ஒரே நிறம்.

இதே பட்டாசாலைக்கு அவளைப் பெண் பார்க்க ஒன்பது வீட்டார் வந்தார்கள். அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அம்மா இந்தப் படத்தைக் கைகாட்டுவாள்.

"எங்க மாமனாரப் பாருங்க. வீட்ல எல்லாரும் இந்த நெறந்தான். இவதான் எங்கருந்தோ இப்படி வந்து பொறந்துட்டா."

வந்தவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். அவளைப் பார்ப்பார்கள். கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடுதாசி போடுவதாகச் சொல்லிக் கிளம்புவார்கள்.

ஒன்பதாவது வீட்டார் வந்தபோது அவளுக்கு முப்பத்துநாலு. அன்றைக்கு அம்மா கழுத்துக்குக் கீழேவரை பவுடர் போட்டுவிட்டாள்.

அம்மா பொய் சொல்லவில்லை. அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது மாமனார் உயிரோடு இல்லை; படம் இப்படித்தான் இருந்தது.

அம்மா போய்ப் பன்னிரண்டு வருஷம். அவளுக்கு இப்போது அறுபத்தொன்று.

வினோதா பக்கத்தில் வந்து நின்று அவள் தோளைத் தொட்டாள்.

"அப்படியே நீங்கதான் அத்தை."

அவள் சேலைத் தலைப்பை இழுத்து முன்கையை மூடிக்கொண்டாள்.

எஸ்தருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். மீதி முகத்தில் உள்ள பூச்சையும் எடுத்துவிடவா, அல்லது எடுத்த இடத்தில் பழையபடி பூசிவிடவா? பாதி ராவ்சாகிப், பாதி வேறு யாரோ என்று சுவரில் மாட்ட முடியாது.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு குடும்பப் பாரம்பரியம் குறித்துப் பேசினார். வினோதாவின் மகளுக்கு வயது நாலு. நாளைக்கு அவளையும் பெண் பார்க்க வருவார்கள், சுவரில் என்ன தெரியவேண்டும் என்று யோசியுங்கள் என்றார். அரண்மனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பூசிவிடலாம் என்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார்.

ஐந்து கைகள் உயர்ந்தன. ஐந்தாவது, சேலைத் தலைப்பு மூடிய கை.

வினோதா தூக்கவில்லை.