மல்பெரி வில்

கொல்லையில் வெயில் சாய்கிறது. மரங்களைப் பற்றி மூச்சுவிடாமல் பேசும் அத்தானின் தேக்கு வில் தரையில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. அழகுக்காக வில்லின் வெளிப்புறத்தை மழமழவென்று இழைத்ததில், மரத்துக்கு உறுதி தரும் ஆண்டு வளையமே அறுந்து, இழுத்ததும் ஒடிந்துபோயிற்று. அடுப்புக்குத்தான் ஆகும் என்று அவர் தீர்ப்பளித்த மல்பெரிக் கிளையை, மனைவியின் தம்பி வளையம் போன போக்கிலேயே செதுக்கி, கோணல்மாணலாக ஒரு வில் செய்து வைத்திருக்கிறான். "பட்டுப்புழு திங்கிற மரம்டா! கொடு, பார்க்கலாம்." ஒடித்தே தீருவதென்று பல்லைக் கடித்து இழுக்கிறார். நாண் காதைத் தொடுகிறது. வில் முனகக்கூட இல்லை. "அடேங்கப்பா, தம்பி வில்லுல உங்களுக்கும் நல்லா வருதே!" என்று மனைவி கைதட்டுகிறாள். "அம்பில்லாம நாணை விட்டுடாதீங்க அத்தான், வில்லு ஒடிஞ்சிரும்" என்கிறான் தம்பி. நாணைப் பிடித்திருக்கும் அத்தானின் விரல் நுனிகள் அரிக்கத் தொடங்குகின்றன.