புது முனை

முனையைக் காணோம்.

புருஷன் துவைக்கப் போட்ட சட்டையின் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து விரித்தவள், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தாள்.

அலகு அப்படியே இருந்தது. வெட்டுவாயில் ஒரு பழுதில்லை. நுனி மட்டும் நகக்கண் அளவுக்கு ஒடிந்து, எலி கடித்த தேங்காய்ச் சில்லு போல மொட்டையாக நின்றது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள்.

"திம்மராயன் விலாவுக்குள்ளாரயிருந்து கத்தி முனைய எடுத்தாங்களாம். இன்னும் கண்ணு முழிக்கல. உன் ஊட்டுக்காரர நர்சரியிலருந்து போலீசு இட்டுக்கினு போயிருக்குது."

திம்மராயன் அவள் புருஷனுக்குப் பங்காளி. இரண்டு பேருக்கும் வாய்க்கால் தண்ணீரில் ஓயாத சண்டை. நேற்று மத்தியானம் டீக்கடை முன்னால், "உன்னக் குத்திப் போட்டுடுவேன்" என்று அவள் புருஷன் கத்தியதை ஊரே கேட்டது. காய்ச்சல் என்று நர்சரியிலிருந்து பாதி வேலையில் திரும்பிக்கொண்டிருந்த அவளும் கேட்டாள்.

சாயங்காலம் திம்மராயனை மாந்தோப்பில் யாரோ குத்திவிட்டார்கள்.

யாரோ.

விளக்கு வைத்த பிறகுதான் அவள் புருஷன் வீட்டுக்கு வந்தான். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. சட்டைக் கையில் ரத்தம். அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் குடி முழுகிப் போகும் என்று நினைக்கிற மனிதன்.

நர்சரியில் அவன் மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுகிறவன். அவன் வெட்டிப் பொருத்துவான், அவள் நாடா சுற்றுவாள். வீட்டுக்கு வந்ததும் கத்தியைச் சாணைக்கல் மேல் வைத்துவிடுவான். அவள் தீட்டி வைப்பாள். காலையில் முனையை நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பார்த்து, "ம்" என்பான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான். அதுவே போதும் என்றுதான் அவளும் இருந்தாள்.

நேற்று கத்தியைக் கல் மேல் வைக்கவில்லை. இன்று காலையில் வேறொரு பழைய கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பாவி மனுஷன். செய்துவிட்டானே.

அவள் கதவைச் சாத்தினாள். கல்லை நனைத்தாள்.

ஒடிந்த முனைக்கு வாய்ப் பக்கம் தேய்க்கக் கூடாது. முதுகுப் பக்கமாகச் சரித்து இறக்கிக்கொண்டு வர வேண்டும். முதுகு தேய்ந்து தேய்ந்து வாயைத் தொடும் இடத்தில் புது முனை வரும். இதற்கு முன்னும் இரண்டொரு தடவை அவள் செய்திருக்கிறாள். தண்டைப் பிளந்ததும் முனையை உள்ளே விட்டு நெம்புகிற கெட்ட பழக்கம் அவனுக்கு. நெம்பாதே என்று அவள் சொல்லாத நாளில்லை.

இன்று அதெல்லாம் அவளுக்கு நினைவில் இல்லை.

சரக். சரக்.

கல்லில் சாம்பல் நிறத்தில் சேறு வழிந்தது. ஒடிந்த இடம் கரைந்துகொண்டே வந்தது.

திம்மராயன் பிழைக்க வேண்டும் என்று மாதேஸ்வரனை வேண்டிக்கொண்டாள். பிழைத்தால் பேசுவானே என்று நினைத்ததும் வேண்டுதல் பாதியில் நின்றுவிட்டது. தூ, நானும் ஒரு பொம்பளையா என்று தன்னையே திட்டிக்கொண்டு தேய்த்தாள்.

சரக்.

கல்லை வழவழப்பான பக்கத்துக்குத் திருப்பித் தீட்டினாள். முனை வந்துவிட்டது. கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மடக்கினாள். முனை பிடிக்குள் அடங்கியது.

புதிதாகத் தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று காட்டிக்கொடுத்தது. மாங்காய் ஒன்றை அரிந்து அந்த இடத்தில் தேய்த்தாள். மாங்காய்ப் புளிப்புக்கு இரும்பு கறுக்கும். கறுத்தது. பழங்கத்திதான். யார் பார்த்தாலும் பழங்கத்திதான்.

அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

வாசலில் வண்டி நின்றது. அவன் குரல் கேட்டது. இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

"ஏம்மே, கதவத் தொற. என் கத்திய எடு. நேத்து மாங்கன்னுத் தண்ட நெம்பினப்ப முனை ஒடிஞ்சி உள்ளாரயே நின்னுக்கிச்சி. வெரலும் கிழிஞ்சிச்சி. நீ திட்டுவியேன்னுதான் சொல்லல. ரெண்டையும் பொருத்திக் காட்டிட்டா போதும். குத்தினது வேற கத்தின்னு சாருக்கே தெரிஞ்சிரும்."

அவள் கதவைத் திறந்தாள்.

அவன் சிரித்துக்கொண்டு நின்றான். கையில் ஒரு மாங்கன்று, பையோடு. பிளந்த தண்டுக்குள் இரும்புச் சில்லு ஒன்று மின்னியது. பின்னால் போலீஸ்காரர்.

கத்தியோடு அவள் கை தானாக நீண்டது.

அவன் கத்தியை வாங்கி விரித்தான். பழக்கதோஷம், நகத்தின் மேல் வைத்து இழுத்தான். நகத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

"ம்" வரவில்லை.

அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான். ஈரம் காயாத கல். அரிந்த மாங்காய். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அவன் அவளை அறைந்திருக்கலாம்.

"முனை ஒடிஞ்சுதுன்னு சொன்னியே?" போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். "யாருய்யா இதத் தீட்டினது?"

அவன் ஓர் அடி நகர்ந்து, உள்ளே இருந்த கல் தெரியாதபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"நான்தான் சார்" என்றான். "காலையில தீட்டினேன். மறந்துட்டேன்."

அவன் பொய் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.