இளையபெருமாள் கைப்பக்குவம்

சால்னா திருட்டுப் போய்விட்டது என்று போலீஸ் ஸ்டேஷன் படியேறிய முதல் ஆள் செஞ்சியிலேயே தானாகத்தான் இருக்கும் என்று இளையபெருமாளுக்கே தோன்றியது. ஆனாலும் இரண்டு தூக்குவாளிகளையும் மேஜைமேல் வைத்தார்.

"இது என் கடை சால்னா சார். அது எதிர்க்கடை மீனம்பாளோடது. ரெண்டையும் தொட்டு நாக்குல வச்சிப் பாருங்க."

சப்-இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்.

திருவண்ணாமலை ரோட்டில் இளையபெருமாள் நடத்தும் பரோட்டாக் கடை, குடும்பத் தொழில். அதாவது முதலாளி அவர். மற்றவர்கள் எல்லாம் முதலாளிக்கு மேலே. மாஸ்டரைத் திட்டினால் அவருக்குச் சோறு கிடைக்காது, ஏனென்றால் மாஸ்டர் அவர் மனைவி மகாலட்சுமி. சப்ளையரை வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது, அது மகன் அன்புச்செல்வன். அவர் அதிகாரம் செல்லுபடியாகிற ஒரே இடம் கடையின் பின்னறை. வியாழக்கிழமைதோறும் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு, மசாலாவைத் தன் கையாலேயே வறுத்து அரைப்பார். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அதைப் போட்டுச் சால்னா கொதிக்க வைப்பது மட்டும் மகாலட்சுமி.

முன்பெல்லாம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கோட்டை ஏறி இறங்கிய பசியில் வருகிறவர்கள்தான் வாடிக்கை. அவர்கள் எதைப் போட்டாலும் சாப்பிடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மசாலாவில் மராட்டி மொக்கு சேர்த்தார். கொஞ்ச நாளிலேயே கூட்டம் அள்ளியது. அவலூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து பார்சல் வாங்கிப் போனார்கள். எட்டாவது தாண்டாத மண்டைக்குள் இவ்வளவு மூளையா என்று அவருக்கே தன்மேல் மரியாதை வந்துவிட்டது. அதிலிருந்து யார் எதைப் பேசினாலும் பேச்சை மராட்டி மொக்கில் கொண்டுபோய் விடுவார்.

போன மாதம் எதிர்வரிசையில் குடியிருக்கும் மீனம்பாள், தன் வீட்டு வாசலிலேயே கடை போட்டாள். கூட்டத்தில் பாதி அங்கே போனது. மனசு கேட்காமல் ஒரு பார்சல் வரவழைத்துத் தின்றார். அச்சு அசலாக அவருடைய சால்னா. வயிறு எரிந்தது. இப்படியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ரகசியம் வெளியே போகிறதென்றால் அது வீட்டு ஆள் வேலைதான். ஒருநாள் மத்தியானத்தில் அன்புச்செல்வன் கையில் கேனோடு மீனம்பாள் வீட்டுப் பின்வாசலில் நின்றதை அவரே பார்த்தார். கேட்டதற்கு, தண்ணி பிடிக்கப் போனேன் என்று மென்று விழுங்கினான்.

"நீதான்னு தெரிஞ்சிது, அப்புறம் கடைப்படி மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

போலீசுக்குப் போகிறேன் என்றதும் மகாலட்சுமியின் முகம் வெளிறியது. வேண்டாம், ஊர் சிரிக்கும், விட்டுவிடுங்கள் என்று காலில் விழாத குறை. இந்தக் கூட்டில் பெண்டாட்டியும் உண்டா என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் இரண்டையும் ருசி பார்த்தார். நம்பாமல் ஏட்டையும் பார்க்கச் சொன்னார்.

"சந்தேகமே இல்ல. ஒரே சட்டியில வச்ச மாதிரி இருக்குது."

இளையபெருமாளுக்குப் பெருமை தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அதிகாரி அவர் சொன்னதைச் சரி என்கிறார். எல்லாம் மராட்டி மொக்கு என்று ஆரம்பித்தார். யாரும் காது கொடுக்கவில்லை.

மீனம்பாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மகாலட்சுமியும் அன்புச்செல்வனும் பின்னாலேயே ஓடி வந்து சுவரோரம் நின்றார்கள். அடுப்படியிலிருந்து நேராக வந்த மீனம்பாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இவரு சால்னாவ நீ திருடி விக்கிறியாம். இன்னாம்மா சொல்ற?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

மீனம்பாளுக்குக் கோபம் வரவில்லை. இளையபெருமாளைக் கொஞ்சம் இரக்கமாகவே பார்த்தாள். பிறகு சுவரோரம் திரும்பினாள்.

"ரெண்டு வருசமா உங்க கடைக்குத் தெனமும் ரெண்டு கேன் சால்னா ஊத்திக்கினு இருக்கறேனே அன்பு தம்பி, நாளைக்கு ஊத்தட்டுமா, வாணாமா?"