மனியானின் மகள்

“மனியான்கிறது நீங்கதானா? என் அம்மா?”

வாசலில் நின்ற பெண் இங்கிலீஷில் கேட்டாள். பதினெட்டு வயதிருக்கும். ஏரிக்காற்றுக்குத் தாங்காத நகரத்துச் சட்டை, தோளில் ஒரு பை.

ரொட்டி பொரித்துக்கொண்டிருந்த நிஷாபெத் சட்டியை இறக்கி வைத்தாள். புருஷன் ஷுஷெப்பை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஆமா. உள்ள வா, ஷானுத். கதவைச் சாத்து, குளிருது.”

“அதுவா என் பேரு? அங்க என்னை ஜெனின்னுதான் கூப்பிடுவாங்க.”

வாத்து சூப்பையும் சூடான ரொட்டியையும் நிஷாபெத் முன்னால் வைத்தாள். பெண் தொடவில்லை.

“எனக்கு மூணு வயசுல குழந்தைநல அதிகாரிங்க வந்து விமானத்துல ஏத்திட்டுப் போனாங்களாமே. நீங்க தடுக்கலையா?”

“இல்ல. கொண்டு போகட்டும்னு விட்டுட்டேன்.”

“அதுக்கப்புறம்? ஒரு போன் கூடவா பண்ணத் தோணல? நாலு வளர்ப்பு வீடு மாத்தினாங்க என்னை. எந்த வீட்டுலயும் ஜன்னலோரமாத்தான் படுப்பேன். நீங்க வந்தா முதல்ல நான் பாக்கணும்னு.”

நிஷாபெத் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “உன்னைத் தேடவே இல்ல,” என்றாள்.

“போதும்டி!” என்று ஷுஷெப் தங்கள் இன்னு பழங்குடி மொழியில் சீறினான். “ஏன்டி இப்படிக் கொல்ற அவளை?”

“அவர் என்ன சொல்றாரு?”

“சூப் ஆறுதாம். சாப்பிடச் சொல்றாரு.”

பெண் எழுந்துவிட்டாள். பையை எடுத்துக்கொண்டாள்.

“உங்களை மாதிரி ஒருத்திக்காகவா இவ்வளவு தூரம் வந்தேன்? சீ!”

கதவு அறைந்து சாத்தப்பட்டது. அவள் வந்த விமானமே மதியம் திரும்பும். பனியில் விறுவிறுவென்று அவள் விமானத் திடலை நோக்கி நடப்பதை நிஷாபெத் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

விமானச் சத்தம் கூரைக்கு மேலே போய்த் தேய்ந்ததும் ஷுஷெப் அவள் பக்கம் திரும்பினான்.

“செய்யாத பாவத்தை ஏன் தலையில ஏத்துக்கிட்ட? உள்ளதைச் சொல்லியிருக்கலாமே?”

“என்னை வெறுத்துக்கிட்டாவது அவ உயிரோட இருக்கட்டும்,” என்றாள் நிஷாபெத். “அவளை ஏத்திட்டுப் போன விமானத்துக்குப் பின்னாலயே, உருகிக்கிட்டிருந்த ஏரிப் பனி மேல கத்திக்கிட்டே ஓடின என் தங்கச்சி மனியான் இன்னும் அந்தத் தண்ணிக்குள்ளதான் கிடக்கான்னு அந்தக் குழந்தைகிட்ட எந்த வாயால சொல்றது?”